பேனரில் சிரித்த அங்கிக்காரி

எங்கள் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல் என்றால் எனக்கு இரண்டுக்கு மேல் தேறாது. ஒன்று, அவளுக்குத் தையல் தெரியும். இன்னொன்றை யோசித்துச் சொல்கிறேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் வீடு பல்கலைக்கழகத்தின் பெரிய கேட்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது. முன் அறையில் என் ஜெராக்ஸ் கடை. பின் அறையில் அண்ணியும் அவள் மகளும். அந்த அறைக்குள் குனிந்துதான் நடக்க முடியும். சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய் கட்டி, அதில் கறுப்பு அங்கிகளை நெருக்கமாகத் தொங்கவிட்டிருப்பாள். பட்டமளிப்பு விழாவன்று பிள்ளைகள் மாட்டிக்கொண்டு போட்டோ பிடிக்கிறார்களே, அதே அங்கிதான். வாடகைக்கு விடுவாள். ஒரு நாள் கூத்துக்காக வருடம் பூராவும் அவை தலைக்கு மேல் தொங்கும். தாயும் மகளும் அதற்கடியில் படுத்துத் தூங்குவார்கள். அந்தப் பெண் மேல் எப்போதும் பாச்சை உருண்டை வாசனைதான். கூடப் படித்தவர்கள் அவளுக்கு 'பீரோ' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் அந்தக் கேட்டில்தான் வாட்ச்மேனாக நின்றான். அவன் போனதும், ஹாஸ்டல் திரைச்சீலைகளைத் தைத்துக் கொடுத்தாவது பிழைத்துக்கொள்கிறேன் என்று அண்ணி உள்ளே கேட்கப் போனாள். திரைச்சீலையில் ஆரம்பித்து அங்கிக்கு வந்து சேர்ந்தாள். அவள் வேலையில் ஒரு வித்தை உண்டு. எந்த அங்கிக்கும் கீழ் மடிப்பை நிரந்தரமாகத் தைக்க மாட்டாள். பெரிய பெரிய தையலாக ஓட்டி, முனையில் நூலைத் தொங்கவிட்டிருப்பாள். வந்த பிள்ளையை வாசலில் ஒரு மர ஸ்டூலில் ஏற்றி நிறுத்துவாள். நூலைப் பிடித்து ஒரு இழு. மடிப்பு மொத்தமும் விழுந்துவிடும். ஆளின் உயரத்துக்கு மறுபடி மடித்து, வாயில் இருக்கும் ஊசியை எடுத்து ஓட்டிவிடுவாள். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு நாலு திட்டும் கிடைத்திருக்கும்.

"நிமிந்து நில்லு. இத்தனை வருஷமா உள்ள படிச்சியா, படுத்துக் கிடந்தியா?"

திட்டு வாங்கிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போகும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நிற்க இடமிருக்காது. ஸ்டூலைச் சுற்றி அவ்வளவு கூட்டம்.

பல்கலைக்கழகம்தான் இந்தத் தெருவுக்குச் சோறு போடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். போடுகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. டீக்கடை, முடிவெட்டும் கடை, மாடிக்கு மாடி வாடகை அறை, ஒருவரும் படிக்கப் போகாத ஆராய்ச்சிக் கட்டுரையைக் கட்டுக் கட்டாகப் பிரதி எடுக்கும் என் மெஷின், எல்லாம் அந்தக் கேட்டைப் பார்த்துத்தான் பிழைக்கின்றன. விடுமுறை விட்டால் தெருவில் ஈ காக்கை இருக்காது. ஆனால் சோறு போடுகிறவன் தட்டையும் எடுத்துக்கொண்டு போவான் என்று யார் கண்டது?

போன வருடம் அவர்களுக்குப் பொன்விழா. பல்கலைக்கழகத்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன வருமானம், எத்தனை பேருக்குப் பிழைப்பு என்று கணக்கெடுத்துப் புத்தகம் போடப் போகிறார்களாம். பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பேராசிரியை என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். தன்மையான மனுஷி, குறை சொல்ல முடியாது. வருடத்துக்கு என்ன வருகிறது என்று கேட்டார். கடை வைத்திருக்கிற எவளாவது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்வாளா? நான் வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"என்னத்தங்க வருது? கரண்ட் பில்லுக்கே சரியாப் போயிடுது. ஏதோ கைய ஊனிக் கரணம் போட்டு ஓடுது."

அதைப் பின் அறையிலிருந்து அண்ணி கேட்டுவிட்டாள். அன்று காலையில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. முன் அறையில் பாதி தனக்கு வேண்டும் என்றாள். "வருஷத்துல நாலு நாள் வியாபாரம் பண்றவங்களுக்கு முன் ரூம் எதுக்கு அண்ணி? என் கடையாலதான் இந்த வீடு ஓடுது" என்று நான் சொல்லியிருந்தேன். அந்தச் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. வாயில் ஊசியோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இவ சொல்றத எழுதாதீங்க. என்னைக் கேளுங்க. ஒரு பட்டமளிப்புக்கு நான் சம்பாதிக்கிறத இவ வருஷம் பூரா அந்த மெஷினைச் சுத்தினாலும் கண்ணால பாக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டு ஒரு தொகையையும் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையில் வருவதைப்போல மூன்று மடங்கு. சலவைக்கும் இஸ்திரிக்கும் கிழிசல் ஒட்டுப் போடவும் போக அவள் கையில் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியாதா? ஒரே அடுப்பில் சமைக்கிறோம். பேராசிரியை விழி விரித்து, "அவ்வளவா?" என்று கேட்டார். "குறைச்சுத்தான் சொல்றேன்" என்றாள் அண்ணி. கண் பேராசிரியை மேல் இல்லை, என் மேல்தான். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். ஸ்டூல் பக்கத்தில் கத்திரிக்கோலோடு நிற்கவைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் ஒரு மாதத்தில் பேனராகிக் கேட்டுக்குப் பக்கத்து வேலியில் ஏறியது. ஆள் உயரத்துக்கு அண்ணி. எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பு. கீழே, 'எங்கள் வளர்ச்சி, இவர்கள் வாழ்வு' என்று கொட்டை எழுத்து. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறி வாங்கக் கிழக்கே போகிறவள் மேற்கே சுற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனாள். "உன் மெஷினையும் யாராவது படம் பிடிச்சாங்களா?" என்று என்னைக் கேட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் பட்டம் வாங்குகிறவர்களில் அவள் மகளும் ஒருத்தி. கேட்டில் காவல் நின்றவனின் மகள் அதே கேட்டுக்குள் போய்ப் படித்து முடித்திருந்தாள். அவளுக்கென்று அண்ணி நல்ல துணியில் புதிதாக ஒரு அங்கி தைத்தாள். அதற்கு மட்டும் கீழ் மடிப்பை மெஷினில் ஓட்டி, அதன்மேல் கையாலும் பொடித் தையல் போட்டாள். "இது வாடகைக்குப் போகாது, இது எம்பொண்ணுக்கு" என்றாள். அந்தப் பெண்ணைப் பத்துத் தடவையாவது ஸ்டூலில் ஏற்றி இறக்கியிருப்பாள்.

அப்போதுதான் இடி விழுந்தது. இனி அங்கியைப் பல்கலைக்கழகமே கொடுக்கும், விழாக் கட்டணத்திலேயே வாடகையும் சேர்ந்துவிட்டது, வெளி அங்கிக்கு அனுமதி இல்லை என்று கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கோ பெரிய ஊர்க் கம்பெனிக்கு ஐந்து வருடத்துக்குக் குத்தகை பேசுகிறார்களாம்.

அண்ணி அறிவிப்பைப் படித்துவிட்டு உள்ளே வந்து, தொங்கும் அங்கிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பிழைப்பு மொத்தமும் அந்தக் குழாயில்தான் தொங்கியது. "வாங்க, போய்க் கேப்போம்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சண்டை எங்களுக்குள். வெளியாள் வயிற்றில் அடித்தால் சும்மா விட முடியுமா?

விழாப் பொறுப்பிலிருந்த அதிகாரியின் அறையில் நல்ல குளிர். எங்களை நிற்கவைத்தே பேசினார்.

"கம்பெனிக்காரங்ககூட இன்னும் கையெழுத்து ஆகலைம்மா. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரே நாள்ல இவ்வளவு பணம் வெளியில போகுது. அதை நாங்களே நடத்தினா நாலு ஏழைப் பசங்களுக்கு உதவித்தொகை குடுக்கலாம்."

"எவ்வளவு பணம் போகுது? யாரு சொன்னா உங்களுக்கு?" என்றேன் நான்.

அவர் மேசையிலிருந்த பொன்விழாப் புத்தகத்தைத் தட்டினார். "இவங்களேதான் சொல்லியிருக்காங்க. படத்தோட போட்டிருக்கோம். ஏம்மா, நீங்க சொன்னதுதானே? தப்பா இருந்தா இப்பவே சொல்லுங்க. மேல பேசிப் பாக்கிறேன்."

கதவு திறந்தே இருந்தது. 'இல்லை ஐயா, வாய் தவறிச் சொல்லிட்டேன்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். அண்ணி வாயைத் திறந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வாயை மூடினாள்.

"ஆமா. நான் சொன்னதுதான்" என்றாள்.

தெருவுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கேட்டைத் தாண்டியதும் பொங்கிவிட்டது. "பொய்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! குடியா முழுகிடும்? இப்பத்தான் முழுகப் போகுது!"

"உன் முன்னாடியா?" என்றாள் அண்ணி.

பட்டமளிப்பு நாள் வந்தது. கம்பெனி வேன் விடியற்காலையிலேயே உள்ளே போய்விட்டது. எங்கள் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. ஸ்டூல் சும்மா நின்றது. அண்ணி மட்டும் மகளுக்குத் தன் அங்கியை மாட்டி, தோளைத் தட்டிவிட்டு, கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே நானும் போனேன். காவலுக்கு நின்றவர் அண்ணனோடு வேலை பார்த்தவர், அண்ணனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர். அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அண்ணி, கம்பெனி அங்கி போட்டாத்தான் உள்ள விடணும்னு உத்தரவு. என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க."

"எம்பொண்ணு அண்ணே. நான் தைச்சது."

"தெரியுது. நல்லாவும் இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அந்தப் பெண் அங்கியைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணி அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வேலியில் இன்னொரு அண்ணி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போய் அந்த ஸ்டூல எடுத்துட்டு வாடி" என்றாள் என்னிடம்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்து வந்தேன். அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்த கத்திரிக்கோலோடு ஏறினாள். காரிலும் வேனிலும் வந்து இறங்கிய பெற்றோர்கள் எல்லாம் பார்க்க, பேனரில் தன் தோளில் ஆரம்பித்து, கழுத்து வளைவில் திருப்பி, தலையைச் சுற்றி, பிசிறு இல்லாமல் வெட்டினாள். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டாம பிடி. விழுந்து தொலைக்கப் போறேன்."

காவல்காரர் ஓடி வந்தார். "அண்ணி, என்ன காரியம் பண்றீங்க? பல்கலைக்கழகத்துச் சொத்து!"

"பேனர் உங்களோடது, நீங்களே வச்சுக்குங்க. இந்த மூஞ்சி என்னோடது. எடுத்துட்டுப் போறேன்" என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டின் அந்தப் பக்கம் போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மகள் கம்பெனி அங்கியோடு திரும்பி ஓடி வந்தாள். அது காலுக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. வேனில் இருந்தவர்கள் அப்படியே போட்டுக்கொள் என்றுவிட்டார்களாம். தாயையும் வெட்டுப்பட்ட பேனரையும் பார்த்துத் திகைத்தாள். "அம்மா, இறங்கு. எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

அண்ணி இறங்கினாள். மகளைப் பிடித்து ஸ்டூலில் ஏற்றினாள். ரோட்டிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்து, தன் பிழைப்பைப் பிடுங்கியவனின் அங்கியை மடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டினாள். "நிமிந்து நில்லு" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் தங்கள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, எங்களுக்கும்" என்று வந்து நின்றார்கள். "வேன்காரன்கிட்டப் போய்க் கேளுங்க" என்று ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எங்களுக்கு உள்ளே போக அனுமதிச் சீட்டு ஒன்றுதான். மகள் நீட்டிய அதையும் அண்ணி வாங்க மறுத்துவிட்டாள். ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் வேலிக்கல்லில் நான். ஒலிபெருக்கியில் துணைவேந்தர் பேசுவது வெளியே வரை கேட்டது. இந்தப் பகுதி மக்களின் வாழ்வாதாரமே இந்தப் பல்கலைக்கழகம்தான் என்றார். அண்ணி தன் முகத்தைச் சுருட்டி, மகள் அங்கியோடு சேர்த்து மடியில் வைத்திருந்தாள்.

"ஏன்டி, உண்மையில எனக்கு எவ்வளவு வரும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி. நீங்க அள்ளிவிட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்ப அந்த ஆபீசர்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்ல? பக்கத்துலதானே நின்ன? பொழப்பு தப்பிச்சிருக்கும்."

"சொல்லியிருந்தா நீங்க என்னை உயிரோட விட்டிருப்பீங்களா?"

அண்ணி மடியிலிருந்த சுருளை ஒரு தடவை திருப்பி வைத்தாள்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.