நான் பூட்டிவைத்த பாதுகாப்பு

பாதுகாப்பு என்றால் களவு போகாமல் பார்ப்பது என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். முப்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு மனிதன் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு நிம்மதியாகச் சீவிக்கலாம், அந்தச் சொல்லை நம்பி ஆறு பேர் தண்ணீருக்கு நடுவில் நிற்காத வரைக்கும்.

நந்திக்கடல் என்ற கடலேரியில் பாலம் ஒன்று போடலாமா என்று அடிநிலத்தைத் துளைத்துப் பார்த்த காலம் அது. வெறும் தார்ப்பீப்பாய்களைப் பிணைத்து, மேலே பலகை அடித்து, ஒரு பெரிய தெப்பம் கட்டியிருந்தார்கள். அதன் நடுவில் சேற்றுக்குள் இறக்கிய குழாய். குழாய்க்குள்ளால் பாறை தட்டுப்படும் வரைக்கும் துளைக்க வேண்டும். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் இடையில் இருந்தது இடுப்பளவு தண்ணீரும், அதற்குக் கீழே எவ்வளவு என்று ஒருவரும் அளந்து பார்க்காத சேறும். தோணி இல்லாமல் போக்குவரத்து இல்லை.

வேலையை நடத்தியவர் ஒரு போமன். யாழ்ப்பாணத்துக்காரர், பர்மாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய இடத்தில் இருந்தவர். அங்கே ஒரு கிணறு தீப்பிடித்ததைக் கிட்ட நின்று கண்டவர். எவ்வளவு கிட்ட என்பதை அவருடைய இடது காது சொல்லும். பாதிதான் இருந்தது.

"சேத்துக்குள்ளை உக்கினதெல்லாம் வாயுவாய் அடைஞ்சு கிடக்கும். நாங்கள் குத்த அது வெளியிலை வரும். வந்தால் நெருப்பு இருக்கக்கூடாது, எஞ்சின் நிக்கவேணும், வால்வைப் பூட்டவேணும், ஆக்கள் தோணியிலை ஏறவேணும். நாலே நாலு வேலை," என்பார்.

அதற்காகவே தெப்பத்துத் தூண்களில் மண் நிரப்பிய நாலு சிவப்பு வாளிகள், பிடித்து மிதக்க ஆளுக்கொன்றாகக் காற்றடித்த லொறி ரியூப்புகள், குழாயின் வாயிலிருந்த வால்வின் தலையில் ஒரு பித்தளைச் சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் வால்வு மூடும். இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும், பித்தளை என்றால் பறக்காது என்று அவரே தேடி வாங்கிப் போட்டது. திங்கட்கிழமைகளில் திடீரென்று விசில் ஊதி, எல்லோரையும் அந்த நாலு வேலையையும் செய்ய வைப்பார்.

ஒரு நாள் தமையனாரின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு ஊருக்குப் போக வேண்டி வந்தது. வால்வை மூடினார். "நான் வருமட்டும் ஒருத்தரும் துளைக்க வேண்டாம். பாதுகாப்பு உம்மடை பொறுப்பு," என்று, சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்த என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த நாள் காலை வாளிகளை எண்ணினேன். மூன்று.

மறுபடி எண்ணினேன். மூன்றுதான். முன்பு ஒரு குடியேற்றத் திட்டத்தின் சாமான் ஸ்ரோரில் வேலை பார்த்தவன் நான். எனக்கு முதல் இருந்தவரை மண்வெட்டிகள் காணாமற்போனதற்காக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு வாளி, நாளைக்குப் பித்தளை. கள்ளனுக்குப் பித்தளை என்றால் பலாப்பழம் அல்லவா? அன்று முழுவதும் தோணியில் அலைந்து, மூன்று வாளிகளையும் ரியூப்புகளையும் கரையிலிருந்த என் பலகைப் பெட்டிக்குள் அடுக்கினேன். சக்கரம்தான் இலேசில் கழலவில்லை. இந்தப் பக்கம் முறுக்கி, அந்தப் பக்கம் முறுக்கி, காலை உதைத்து இழுத்துக் கழற்றினேன். பெட்டிக்கு ஒரு பூட்டு. தோணிக்குச் சங்கிலியும் இன்னொரு பூட்டும். இரண்டு சாவிகளும் என் அரைஞாணில். அன்றிரவு நான் தூங்கிய தூக்கம் நீதவான் கூடத் தூங்கியிருக்க மாட்டார்.

ஐந்தாம் நாள் காலை போமன் வந்தார். அவரையும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் எஞ்சின்காரரையும், கயிறு இழுக்கிற நாலு பேரையும் தோணியில் ஏற்றித் தெப்பத்தில் விட்டேன். நானா எஞ்சினைச் சூடாக்க முடுக்கினார். போமன் தூண்களைப் பார்த்தார்.

"எங்கை எல்லாம்?"

"பெட்டிக்குள்ளை பத்திரமாய் இருக்கு ஐயா. ஒரு துரும்பு களவு போகேல்லை."

வாளி ஒன்று குறைவதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது எங்கே போனது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

"தண்ணிக்கு நடுவிலை களவெடுக்க ஆர் வாறது, முதலையோ?" என்றார் போமன். அவருடைய அரைக் காது சிவந்தது. "ஓடிப்போய் எல்லாத்தையும் கொண்டு வாரும். அது வருமட்டும் நான் ஒண்டிலையும் கை வைக்கமாட்டன்."

நானா எஞ்சினுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மிதக்கிற ரியூப்பைக் கரையில பூட்டி வச்சீங்களா? அப்ப எங்களையும் அந்தப் பெட்டிக்குள்ளயே வச்சிருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம். கரைக்கு வந்தேன். வந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷத்தில் தோணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். பிறகு குசினிக் கொட்டில் வாசலில் குந்தி ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். உள்ளே எங்களுக்குச் சமைக்கிற அக்கா சோற்றுப்பானையை அடுப்பில் ஏற்றியிருந்தார்.

"ஏச்சு விழுந்ததோ தம்பி?"

"ஏச்சோ? ஆலோசனை கேட்டவர்."

இரண்டாவது இழுப்பு இழுக்கையில் விசில் கேட்டது. அன்று திங்கட்கிழமை இல்லை.

திரும்பிப் பார்த்தேன். குழாயின் வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. லொறிச் சில்லில் காற்றுப் போவது போல ஒரு சீறல். எஞ்சின் சத்தம் நின்றது. ஆறு பேரும் தெப்பத்தின் ஒரு மூலையில் ஒதுங்கினார்கள். தாழுகிற பக்கத்தைப் பார்த்து போமன் மூன்று பேரை மறுபக்கம் தள்ளிவிட்டார். அவர்களுக்குத் தோணி இல்லை. ரியூப் இல்லை. வால்வுக்குச் சக்கரம் இல்லை. மூன்றும் என் இடுப்பில் தொங்கின.

கொண்டல் காற்று கரைப்பக்கமாக வீசியது. அழுகின முட்டை நாற்றம் எங்களுக்கே வந்துவிட்டது. வாயு வருகிற வழியில் குசினி, குசினிக்குள் அடுப்பு. இங்கே பற்றினால் நெருப்பு காற்றை எதிர்த்துத் தெப்பம் வரைக்கும் ஓடும் என்று போமன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் நான் பல்லுக் குத்திக்கொண்டு கேட்டிருந்தேன்.

"நெருப்பு! நெருப்பை நூருங்கோ!" என்று கத்தினேன்.

அக்கா அதற்கு முதலே அடுப்பில் மண்ணைக் கொட்டி முடித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வாயிலை கொள்ளியை வைச்சுக்கொண்டு ஆருக்குச் சொல்லுறாய்?"

என் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கித் தண்ணீருக்குள் எறிந்தார்.

அரைஞாணில் சாவி முடிச்சு அவிழவில்லை. இழுத்த இழுப்பில் இடுப்பில் கட்டியிருந்த சாரம்தான் அவிழ்ந்தது. ஒரு கையால் சாரம், ஒரு கையால் சாவி. பெட்டிப் பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. சாவியைத் திருப்பினேன். டக். பாதிச் சாவி பூட்டுக்குள், பாதிச் சாவி என் கையில்.

கோடாலியை எடுக்க ஓடினேன். "இரும்பை எடாதை, பொறி பறக்கும்!" அக்கா கத்தினார். திங்கட்கிழமை விசிலை இவர் குசினிக்குள் இருந்தபடியே படித்திருக்கிறார். உள்ளே போய் உலக்கையோடு வந்தார். "விலத்து!" மூன்றே குத்து. பெட்டியின் மூடி பிளந்தது.

தோணிப் பூட்டின் துளைக்குள் சாவியைத் தலைகீழாகப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். திறந்தது. எல்லாவற்றையும் தோணிக்குள் எறிந்துவிட்டுத் தடி ஊன்றினேன். நேரே போகப் பார்த்தேன். தெப்பத்திலிருந்து போமன் இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். வாயுவுக்குள்ளால் வராதே, சுற்றி வா. சுற்றினேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வளைவை நான் கண்டதில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு முதலில் ஒரு பொங்கல் நேர்ந்தேன். பாதி வழியில் அது மூன்று பொங்கலாகிவிட்டது. எந்த நிமிடமும் முன்னால் ஒரு வெளிச்சம் எழும்பும், அந்த ஆறு முகமும் அதற்குள் போய்விடும், ஆறு வீட்டுக்கும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தடியை இன்னும் வேகமாக ஊன்றினேன்.

கிட்டப் போனபோது நானா கத்தினார். "கழுத்தில என்ன மாலையா?"

ஆறு ரியூப்பில் மூன்று என் கழுத்தில் இருந்தன. எப்போது போட்டேன் என்று சத்தியமாகத் தெரியாது. மற்றவர்களுக்காகக் கொண்டு போனதாகத்தான் பிறகு சொன்னேன்.

போமன் மற்ற ஐந்து பேரையும் தோணியில் இறக்கினார். ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து எண்ணினார். பிறகு சக்கரத்தை வாங்கிக்கொண்டு, சேற்று மழைக்குள் தனியே நடந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் சக்கரம் இறுகியது. சாரத்தை உரிந்து சுற்றிப் பிடித்து, முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்தார். சீறல் மெலிந்தது, முனகலானது, நின்றது.

கரைக்கு வந்தோம். அவியாத சோற்றைச் சுற்றி இருந்தோம்.  அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வெறுமையாக ஒரு சிவப்பு வாளி கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, இது எப்பிடி இஞ்சை வந்தது?"

"போமன் ஐயா ஊருக்குப் போக முதல் கொண்டந்து வைச்சவர். கொண்டல் அடிச்சால் என்ரை அடுப்புத்தான் முதல் பயம் எண்டு."

வாளியை நிமிர்த்தி வைத்தேன். போமன் சேற்றைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் குந்தினார்.

"எஞ்சின் குலுக்கினதிலை குழாய்க்குள்ளை இருந்த சேத்து அடைப்பு விட்டிட்டுது. ஆனால் வால்வை நான் பூட்டிப்போட்டுத்தான் போனனான். அது எப்பிடித் திறந்தது?"

சொன்னேன். வாளி களவு போகவில்லை. சக்கரத்தைக் கழற்றுகிறேன் என்று முறுக்கிய முறுக்கில், வால்வைத் திறந்துவிட்டவன் நான்தான்.