கொக்குக்கு எடுத்துப்போன அரிசி

தோழிகளே, எல்லாரும் படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

இன்று அப்பா என்னைக் கோலா லிங்கிக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர்கள் குடை விரித்துப் படகுகளை வரையும் மீன்பிடி ஊர். கரையெல்லாம் கொக்கு. நானும் வரைந்தேன்.

கொக்குகளுக்குப் போட, யாருக்கும் தெரியாமல் வர்ணப்பெட்டிக்குள் ஒரு கை அரிசி வைத்திருந்தேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று நம் ரப்பர் தோட்டத்துக்கு வெளியே அரிசி கொண்டுபோக விடமாட்டார்கள். தெரியும். கொக்கு அதில் சேராது என்று நினைத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். பெட்டிக்குள் மீதி அரிசி இருந்தது.

"யாருக்கு இது?" என்றார் போலீஸ்காரர்.

"கொக்குக்கு, ஐயா."

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான்தான் வச்சேன். புள்ளைக்கு ஒன்னும் தெரியாதுலா" என்றார் அப்பா. அவரை இறக்கி லாரியில் ஏற்றினார்கள். "அம்மாகிட்ட வந்துடுவேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நாளை ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். கொக்கு அரிசி தின்னும் என்று சொல்ல உங்களில் யார் கூட வருகிறீர்கள்?

நான் வீசியதை ஒரு கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.