இன்சுலின் விளக்கு

கூடுவாஞ்சேரிக்கு வீடு மாறிய வருஷம், பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குச் சர்க்கரை அளவு திடீரென்று நன்றாக வர ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். டாக்டர் பாராட்டினார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. சாப்பாடு, மருந்து எதுவும் மாறவில்லையே.

அந்தச் சமயத்தில்தான் இன்சுலின் வடிவத்தில் ஒரு விளக்கு செய்யப்போவதாகச் சொன்னாள். இன்சுலின் என்பது ஒரு புரதமாம். அது எப்படிச் சுருண்டிருக்கும் என்று லேப்டாப்பில் படம் காட்டினாள். நீளமாக ஒரு சங்கிலி, குட்டையாக ஒன்று, இரண்டையும் பிணைக்கும் முடிச்சுகள். அவள் அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் அலுமினியக் கம்பியும் சீரியல் லைட்டும் வாங்கி வந்தார். எனக்கு அதுவும் சந்தேகம். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளுக்கு அதன் மேல் என்ன திடீர்ப் பாசம்? எதையோ மறைக்கத்தான் இந்த வேலை என்று பட்டது. ஃபிரிட்ஜைத் திறந்து மருந்து குறைகிறதா என்று பார்ப்பேன். சரியாகத்தான் குறைந்தது. அவள் குளிக்கப் போனபோது சர்க்கரை அளவு பார்க்கும் மீட்டரையும் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்ன அளவுதான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தவள், "ஸ்கூல்லயே சாப்பிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு ஹாலில் கம்பியோடு உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் காலி. கட்டிங் பிளேயரைப் பிடித்திருந்த கை நடுங்குவதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அவசரமாகச் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"நிஜமா சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஊசி?"

"போட்டேன். சாப்பாட்ட ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டேன்."

"ஏன்டி இப்படி?"

"சாப்பிடலன்னா நம்பர் கொறைவா வருது. நம்பர் நல்லா வந்தா அன்னிக்கு நீ எதுவும் கேக்க மாட்ட."

"அப்ப இந்த விளக்கு?" என்றேன்.

"அது எனக்குப் புடிச்சுது, செஞ்சேன். ரூம்ல உக்காந்தா அதுக்கும் சந்தேகப்படுவ. அதான் ஹால்ல."

திங்கட்கிழமை டாக்டரிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லி அவளோடு தனியாகவும் பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

விளக்கு இப்போது அவள் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது. சர்க்கரை அளவு ஏறியும் இறங்கியும் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே, "சாம்பார் சாதம். பாதிய வெச்சுட்டேன்" என்பாள். பாதிதானா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.