உப்புக் காற்றும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

"தேவனாம்பட்டினமா? அங்கல்லாம் உப்புக் காத்துல கம்ப்யூட்டர் நிக்காதுண்ணே."

சிதம்பரத்தில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் கேட்டது இது. வாரண்டி எவ்வளவு நாள் என்று கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் மாமாவுக்கு. தேவனாம்பட்டினம் கடலூரில் கடலை ஒட்டிய எங்கள் ஊர்.

மாமா என் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை அமுக்கினால், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்படிப்பட்டவர் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேறு யாரும் கழற்றவில்லை. கடைக்காரரே ஷூவோடுதான் நின்றிருந்தார். 'போட்டுக்கோ மாமா' என்று மெல்லச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

அவரை நான் கூப்பிடவில்லை. "பணத்த எடுத்துக்குனு தனியா போவாத, மாமா வரட்டும்" என்று அம்மா அனுப்பி வைத்தாள். இரண்டு வருடம் தினமும் பஸ் ஏறி அதே சிதம்பரத்தில் எம்.சி.ஏ. படித்துவிட்டு வந்தவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளே நான்தான். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் ஒரு பொருள் வாங்கத் துணைக்கு ஆள் வேண்டும்.

என் கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். குறை ஒன்றுதான். திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு பழையது, சிறியது. புது கேம் எதைப் போட்டாலும் ஆள் ஓடமாட்டான், விட்டுவிட்டுக் குதிப்பான். கடலூரில் புதுக் கார்டு மட்டும்தான் கிடைத்தது, அந்த விலை என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். சிதம்பரத்தில் படிப்பு முடித்துப் போகிற மாணவர்கள் விற்றுவிட்டுப் போவதால் பழையது கிடைக்கும். என் மெஷினில் இருக்கும் பவர் சப்ளை எந்தக் கார்டைத் தாங்கும், அதில் எது என் சேமிப்புக்குள் வரும் என்றெல்லாம் படித்துப் பார்த்து, எட்டு ஜிபி கார்டு ஒன்றை முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"எதுக்கு இவ்ளோ பெரிய கார்டு?" என்றார் கடைக்காரர், மாமாவிடம்.

"பாப்பா ஆபீஸ் வேலைக்கு சார்" என்றார் மாமா.

"இல்ல. கேம் ஆட" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "கேமா? கல்யாணம் ஆயிட்டா அப்புறம் யாருண்ணே ஆடுறது?"

மாமாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆபீஸ் வேலை என்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். படித்த பெண் உழைக்கலாம், சம்பாதிக்கலாம், தம்பிக்கு ஃபீஸ் கட்டலாம். ஆடத்தான் கூடாது.

ஒரு மாத வாரண்டி என்று வாயால் சொன்னார். வாங்கி வந்து நானே மாட்டினேன். ஒரு வாரம் அருமையாக ஓடியது. புல் அசைந்தது. தண்ணீரில் வெயில் தெரிந்தது. தம்பி பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அதன்பின் ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே திரை கறுத்து, கார்டின் விசிறி மட்டும் பேய்போல இரைந்தது. மெஷினை அணைத்துப் போட்டால் வரும். ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கறுக்கும். கழற்றித் துடைத்து மாட்டினேன். வயரை மாற்றினேன். பழைய கார்டைப் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

கடைக்காரருக்கு போன் செய்தேன்.

"உப்புக் காத்துதாம்மா. அன்னிக்கே உங்க மாமாகிட்ட சொன்னேன்ல? துரு ஏறுனா வாரண்டி கெடையாது."

எங்கள் ஊரில் டிவி நிற்கிறது. ஃப்ரிட்ஜ் நிற்கிறது. உப்புத் தண்ணீர் மேலே அடிக்கிற படகில் ஜிபிஎஸ் நிற்கிறது. இவர் விற்ற கார்டு மட்டும், ஜன்னல் சாத்திய அறையில் ஒரு வாரத்தில் துரு ஏறிச் செத்ததாம். கார்டு போய்விட்டால் இன்னொன்று வாங்க என்னிடம் பணம் கிடையாது. அதைவிட மோசம், 'படிச்ச பொண்ணே ஏமாந்துட்டு வந்திருக்கு' என்று தெருவில் ஒரு பேச்சு நிற்கும். அது துருப்பிடிக்காது.

சனிக்கிழமை மொத்த மெஷினையும் போர்வையில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். அம்மா விடவில்லை, மாமா மறுபடியும் கூட வந்தார். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்னா, கொழந்தையா?" என்றார். "ஆமாண்ணே, ஒடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட தூக்கினு போறோம்" என்றார் மாமா. பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடை வாசலில் மாமா மறுபடியும் செருப்பைக் கழற்றினார்.

கடைக்காரர் என் மெஷினை இயக்கினார். திரை வந்தது. "நல்லாத்தான இருக்கு" என்றார்.

"ஆடிப் பாத்தாத்தான் தெரியும்."

"கடையில ஒக்காந்து கேம் ஆடுவியா?"

"ஆடுவேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடையில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு பெண் பிள்ளை துப்பாக்கியோடு ஓடுவதை அவர்கள் பார்த்ததில்லைபோல. திரை கறுக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். விற்றது கெட்டுப்போனதாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கேம் ஆடியது அன்றைக்கு மட்டும்தான். ஒரு பாலத்தைத் தாண்டும்போது திரை கறுத்தது. விசிறி இரைந்தது.

"பாத்தியா, உப்புக் காத்து உள்ள பூந்திடுச்சு" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

"அப்பிடின்னா கூலரக் கழட்டுங்க. துருவக் காட்டுங்க."

"கழட்டுனா வாரண்டி போயிடும்."

"இல்லாத வாரண்டி எங்க போவும்?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். விசிறியும் உலோகத் தகடுகளும் சேர்ந்த மேல்மூடிதான் கூலர். அதைக் கழற்றினால்தான் கார்டின் உள்பக்கம் தெரியும். கடைக்காரர் முறைத்துக்கொண்டே திருகுகளைக் கழற்றினார். ஒன்று துருவில் இறுகி, தலை வழுக்கியது. "பாரு, துரு" என்றார் வெற்றியோடு. பிறகு மூடியைத் தூக்கினார்.

கடலூரில் பிறந்த யாரும் அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் இருக்குமே, காவியும் சாம்பலும் கலந்த மெல்லிய ஏடு. காய்ந்ததும் ஓரம் சுருண்டு பெயரும். கெடிலம் ஆறு ஏறி வடிந்த வருடங்களில் எங்கள் பீரோவின் அடித்தட்டிலிருந்து அதை நான் சுரண்டியிருக்கிறேன். அதே வண்டல் தகடுகளின் இடுக்கிலும், கார்டின் முகத்திலும் படிந்திருந்தது. வெளியே துடைத்துப் பளபளப்பாக்கியவர்கள் மூடியைத் திறக்கவே இல்லை. யார் வீட்டிலோ வெள்ளத்தில் மூழ்கிய மெஷினின் கார்டு அது.

நான் குரலை உயர்த்தவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, காத்துல சேறு வருமா?"

அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது.

"மொத்தமா லாட்டா வந்ததும்மா. எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னா உப்புக் காத்துன்னு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது?"

அவர் கார்டைக் கீழே வைத்தார். கண்ணாடி அலமாரியிலிருந்து வேறொரு கார்டை எடுத்தார். நான்கு ஜிபி. வேண்டாம் என்றேன். இன்னொன்றைத் தேடி எடுத்தார், நான் வாங்கிய அதே ரகம். அதன் கூலரையும் கழற்றச் சொன்னேன். உள்ளே தூசிதான் இருந்தது; சேறு இல்லை. சூடு கடத்தும் பேஸ்ட்டை அவரே புதிதாகத் தடவி மூடினார். மறுபடியும் உட்கார்ந்து ஆடினேன். பாலத்தைத் தாண்டினேன், கோட்டைக்குள் போனேன், எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் ஒரு சுற்று ஆடினேன்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. கிளம்பும்போது மாமாவிடம், "பாப்பாவுக்குக் கோவம் ஜாஸ்திண்ணே" என்றார்.

"ஆமா சார்" என்றார் மாமா.

பஸ் பரங்கிப்பேட்டை பிரிவைத் தாண்டியது. மாமாதான் ஆரம்பித்தார். "கத்துறதுல எங்க அக்காவ மிஞ்சிட்ட."

"நான் கத்தல."

"சரி, கத்தல."

"நீ ஏன் மாமா அங்க மட்டும் செருப்பக் கழட்டுற?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தரை பளபளன்னு இருந்திச்சு பாப்பா" என்றார்.

மடியில் இருந்த மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார்டு கிடைத்துவிட்டது. கோபம் போகவில்லை. மாமா மேல் என்று நினைத்திருந்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகு யார் மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது எங்கும் போகவில்லை.

எங்கள் கல்லூரிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே எழுதினேன்: 'பழைய பார்ட்ஸ் வாங்கப் போறவங்க சொல்லுங்க, துணைக்கு நான் வரேன்.' முதலில் கேட்டவள் லால்பேட்டையிலிருந்து படிக்க வரும் ஜூனியர். வீடியோ எடிட்டிங்குக்குக் கார்டு வேண்டும் என்றாள். பிறகு, "பொய் சொல்லிட்டேன்க்கா, கேமுக்குத்தான்" என்றாள்.

போன சனிக்கிழமை அவளை அந்தக் கடைக்கே கூட்டிப்போனேன். என் பையில் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பேஸ்ட் ட்யூபும் இருந்தன. பழக்கதோஷத்தில் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் ஆண் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. அவள் வாசலில் தயங்கி, காலைச் செருப்பிலிருந்து பாதி எடுத்திருந்தாள்.

"போட்டுக்கினே வா" என்றேன்.