மேல்மடை இல்லாத இடம்

எங்கள் ஊரில் மேடு என்றால் ஒரு சாண் உயரம். பேராவூரணியைத் தாண்டி, கடலை நோக்கிப் போகிற வழியில் இருக்கிறது ஊர். அங்கே ஒரு வயல் பக்கத்து வயலைவிட நாலு விரல் உயர்ந்திருந்தால் போதும், அதற்கு மேட்டுத் தாக்கு என்று பெயர் வந்துவிடும். அதில் தண்ணீர் ஏறாது. பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட நிலம் மேடா பள்ளமா என்று விசாரித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். இந்தக் கணக்கிலேயே வாழ்ந்து தலை நரைத்த எனக்கு மலைக்குப் போகும் ஆசை வந்தது. பழனிக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். தைப்பூசக் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஏறிய ஒருவரின் முதுகைப் பார்த்தேனே தவிர மலையைப் பார்க்கவில்லை.

சத்துணவுக் கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பட்டுக்கோட்டையிலிருந்து பத்ரிநாத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து கணவரிடம் சொன்னேன். பனி, பனி மூடிய கோயில், வெந்நீர் ஊற்று என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் வாய்க்கால் கரையில் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். வாய்க்காலில் தவளை நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

"மலைக்குத்தான் போகணும்னா, நம்ம தண்ணி பொறக்கற மலைக்குப் போவோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் என்றால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறேன் என்று சொல்லும் மனிதர் அவர். குடகு மலையில் தலைக்காவேரி என்று ஒரு இடம் உண்டு என்றும், ஐப்பசி பிறக்கும்போது அங்கே ஒரு சின்னக் குளத்தில் காவேரி பொங்கி வருவாள் என்றும் எனக்குத் தெரியும். இங்கே மாயவரத்தில் துலா முழுக்கு தொடங்குவதும் அதே நாளில்தான். ஆனால் அங்கே போகலாம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூர் திறந்தால் கல்லணை எப்போது, கல்லணை திறந்தால் புது ஆற்றில் எப்போது, புது ஆற்றில் வந்தால் நம் வாய்க்காலில் எப்போது என்று அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். தண்ணீர் எங்களிடம் வரும். நாங்கள் தண்ணீரிடம் போனதில்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், சிங்கப்பூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய பெரிய கைப்பேசியில் மேப்பைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். பஸ் வழியைப் பார்க்கச் சொன்னால், அவர் தண்ணீர் வழியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதலில் எங்கள் வயலைத் தேடினார். வேப்பமரத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார். அங்கிருந்து வாய்க்காலை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனார். புது ஆறு வந்தது. கல்லணை வந்தது. முக்கொம்பு, மாயனூர், பவானி என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று, இதுக்கு மேல, இதுக்கு மேல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேட்டூர் அணை விரல் நுனியில் ஒரு நீலத் திட்டாக வந்தபோது விரலை அங்கேயே ஊன்றிக்கொண்டார். பத்திரிகையில் தினமும் அடி கணக்குப் பார்க்கிற அணை அது. அதற்கும் மேலே ஆறு போய்க்கொண்டே இருந்தது.

ஒகேனக்கல்லைத் தாண்டியதும் படத்தில் நிலம் கசங்க ஆரம்பித்தது. இஸ்திரி போடாத புடவை மாதிரி மடிப்பு மடிப்பாக மலை. எங்கள் ஊர்ப் பக்கம் தேய்த்து மடித்து வைத்தது போல இருக்குமே, அதே பூமிதான் இதுவும் என்று நம்பவே முடியவில்லை. இன்னொரு அணை வந்தது. ஆறு வாய்க்கால் அளவுக்கு மெலிந்தது, அப்புறம் நூலானது. கரும்பச்சைக் காட்டுக்குள் ஓரிடத்தில் அந்த நூலும் நின்றுவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தோம். கல் கட்டிய ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. எங்கள் வீட்டு முற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இத்துனூண்டுலேருந்தா இவ்வளவும் வருது?" என்று கேட்டார்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் வீட்டுச் சோற்றுப் பானை, என் மாமனார் வாங்கிய நிலம், என் மகளின் படிப்பு, எங்களுக்கு மேலே இத்தனை ஊர், இத்தனை கோயில், இத்தனை சண்டை எல்லாம் அந்தச் சதுரத்திலிருந்து இறங்கி வந்தவை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திரை தானாக அணையும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆற்றங்கரையை விட்டு விலகாமல் கார் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். ரயில் பாதையை ஆறு கேட்டுக்கொண்டு போடவில்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மைசூர் ரயிலுக்கு மகள் சிங்கப்பூரிலிருந்தே டிக்கெட் எடுத்துவிட்டாள். அங்கே குளிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் அவர் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கி வந்து வீட்டுக்குள் போட்டுப் பார்த்தார். நான் என் முழங்காலைச் சோதிக்க சுவாமிமலைக்குப் போனேன். ஆள் கட்டி எழுப்பிய மலைதான், ஆனால் எங்கள் ஜில்லாவில் ஏறுவதற்கு அதைவிட்டால் வேறு ஏது? மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன். முருகனிடம், இன்னொரு மலைக்குப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. ஐப்பசி முதல் நாள் என்றால் இங்கே சம்பா விதைத்து முளைத்து நிற்கிற நேரம். அந்த வருஷம் மழை பின்தங்கிவிட்டது. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். நாங்கள் ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான் எங்கள் முறை. அப்போது மடை திறக்காவிட்டால் பயிர் கருகிவிடும், வருஷம் போய்விடும். கூலிக்கு ஆள் வைத்தும் பயனில்லை. ஏனென்றால் எங்கள் வயலுக்கு மேலே இருக்கும் மடை என் கணவருடைய பெரியப்பா மகனுடையது, எனக்கு மூத்தார் முறை. அவர் மனது வைத்துத் தன் மடையை அடைத்தால்தான் தண்ணீர் கீழே இறங்கும்.

அவரோடு எங்களுக்குப் பேச்சு கிடையாது. முன்பு ஒரு வறட்சி வருஷத்தில், தன் வயல் நிறைகிற வரைக்கும் அவர் மடையை அடைக்கவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்தபோது சேற்று ஈரம்தான் மிச்சம். என் கணவர் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க, இனி உன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரும் விடவில்லை. எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

ஆக, போவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது. என் கணவர் டிக்கெட்டை ரத்து செய்துவிடு என்றார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தனை ஆசையையும் ஒரு வார்த்தைக்காக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"காவேரிக்குத் தலைமாட்டுல போயி கும்பிடப் போறேங்கிறீங்க. பக்கத்து வயலுக்காரர்ட்ட போயி கேக்க முடியலையா?" என்று கேட்டேன்.

சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, நீயும் வா என்றார்.

மூத்தார் வீட்டு வாசலில் உரமூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வாங்க என்று சொன்னது அவர் மனைவிதான். நாற்காலி போட்டார், உள்ளே போனார், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கணவர் முன்னால் நீட்டினார். அந்த அக்கா வேண்டுமென்றே செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற தண்ணீர்தான். ஆனால் எங்கள் நாலு பேருக்கும் அந்தக் கடைத்தெரு வார்த்தை நினைவுக்கு வந்துவிட்டது. என் கணவர் சொம்பை வாங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

விஷயத்தை நான்தான் சொன்னேன். எங்கே போகிறோம், எந்த நாள், முறை எப்போது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மூத்தார் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் கணவர் கைப்பேசியை எடுத்து அந்தச் சதுரத்தைக் காட்டினார். மூத்தார் அதைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு மேல யாரு வயலு?" என்று கேட்டார்.

"யாரும் இல்லண்ணே. வானந்தான்."

மூத்தார் நிமிர்ந்து என் கணவர் முகத்தைப் பார்த்தார். எங்களுக்கு மேலே அவர், அவருக்கு மேலே இன்னொருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று எங்கள் பக்கத்தில் மேல்மடைக்காரன் இல்லாத மனிதனே கிடையாது. பாவம், அவரும் யாரையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் பயிர் செய்திருக்கிறார். இப்படி ஓர் இடம் உண்டா என்பது போல அவர் மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க தம்பி" என்றார். மடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் கணவரும் கேட்கவில்லை.

தலைக்காவேரியில் கூட்டம் நெரிந்தது. எங்களைச் சுற்றி மேகம் தரையிலேயே நடந்து போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம் எழுந்து நின்றது. இவ்வளவு மண்ணை யார் இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரி எனக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அர்ச்சகர்கள் மந்திரம் சொல்ல, கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது. தண்ணீர் பொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், எனக்கு முன்னால் அத்தனை தலைகள். முங்கி எழுந்தபோது உடம்பு விறைத்துப் போயிற்று. என் கணவர் ஒரு கை நீரை அள்ளி வெகுநேரம் வைத்திருந்தார், பிறகு குளத்திலேயே விட்டார். அது வழி தெரிந்த தண்ணீர், தானாக ஊருக்கு வந்து சேரும் என்றார்.

மலையில் சிக்னல் இல்லை. பஸ் கீழே இறங்கி அடிவாரத்துப் பாகமண்டலத்தை நெருங்கும்போது என் கைப்பேசி சிணுங்கியது. மூத்தார் ஒரு படம் அனுப்பியிருந்தார். எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும்தான். எங்கள் வயலில் வரப்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. பயிர் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அப்பாடா என்று சொல்லிக் கைப்பேசியை என் கணவரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். எங்கள் வரப்புக்கு அப்பால் மூத்தாரின் வயல் தெரிந்தது. அதில் நீர் இல்லை. மண் வெடித்திருந்தது, பயிர் மஞ்சளடித்துத் தலை தொங்கிக் கிடந்தது. அவருடைய மடை பலகையும் மண்ணும் வைத்து இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது.

"அண்ணனோடது இன்னும் காயுது" என்றார் என் கணவர்.

குல்லாயைக் கழற்றி அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, எங்களோடு சேர்ந்து, அந்தத் தண்ணீரும் இறங்கி வந்துகொண்டிருந்தது.