இடப்பக்கத்து மூலை

பிச்சிப்பூ வாசமும் பெட்ரோல் வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தால், இன்றைக்கும் என் கை தானாகப் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். மலையாள நாட்டில், சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை வைத்திருந்த அப்பா, ஊரைவிட்டுப் போன ஓர் எஸ்டேட்காரரிடம் அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். உலக யுத்தத்துக்கு முன்பே கப்பலில் வந்திறங்கிய, கட்டில்போல் அகன்ற தோல் சீட்டுகளும் பின்னால் மடிந்துவிடும் துணிக்கூரையும் கொண்ட அதை வீட்டில் "குடைவண்டி" என்போம். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார்தான் கௌரவம் என்பதால், கிழக்கேகோட்டையில் எந்தக் கல்யாணம் என்றாலும் அப்பாவிடம் வந்து நிற்பார்கள். அவரும் மகளைக் கட்டிக்கொடுப்பதுபோல் ஆயிரம் நிபந்தனை போட்டுத்தான் அனுப்புவார்.

பகவதி அக்காவுக்கு முதலில் நிச்சயமான மாப்பிள்ளை அம்பாசமுத்திரத்துக்காரர். நிச்சயத்தன்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், பின்சீட்டில் இடப்பக்கத்து மூலையில் ஏறி உட்கார்ந்து, வீட்டு ஜன்னலில் நின்ற அக்காவிடம், "இதுலதான் வருவேன், மேல மூடிராதீங்க" என்றார். அவர் அக்காவிடம் பேசியது அவ்வளவுதான். அந்த மாதமே மஞ்சள்காமாலையில் போய்விட்டார்.

மறு வருஷம் நாகர்கோவிலில் இன்னொரு சம்பந்தம் கூடிவந்தது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த வண்டி மட்டும் வேண்டாம்ப்பா. அவரு வரேன்னு சொன்ன வண்டி."

"வெறுதெ ஓரோண்ணு சொல்லாத. ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, நம்ம வீட்டு மாப்பிள்ளய டாக்சியிலயா கூட்டிட்டு வர?" என்று அப்பா வாயை அடைத்துவிட்டார். இந்தக் கல்யாணமாவது நின்றுபோகாமல் நடக்கவேண்டுமே என்று அக்கா அதற்குமேல் பேசவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து நாகசுரத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. மாப்பிள்ளையோடு குழந்தைகளை ஏற்றிவிடுவது வழக்கமாதலால், நாங்கள் ஒருவர் மடியில் ஒருவராகப் பிதுங்கிக்கொண்டிருந்தோம். என் கால் மரத்தே போயிற்று. தெருமுக்குத் திரும்பும்போதுதான் கவனித்தேன், இவ்வளவு நெரிசலிலும் இடப்பக்கத்து மூலை காலியாகவே இருந்தது. அங்கே உட்காராதே என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. புது அத்தானும் பிச்சிப்பூ மாலையை ஒதுக்கியபடி, யாருக்கோ இடம் விடுபவர்போல் நகர்ந்து நகர்ந்து வலப்பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தார். காலி மூலையில் தோல் சீட்டு லேசாகக் குழிந்திருந்தது. நான் பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை, நேரே இடப்பக்கம் வந்து, அந்தக் காலி மூலைக்கு ஆரத்தி சுற்றி, பொட்டு வைக்கவும் விரலை நீட்டிவிட்டாள்.

"அத்தே, மாப்பிள்ளை அந்தப் பக்கம்லா!" என்று கத்தினேன்.

"இங்கதானட்டி ஒருத்தரு இருந்தாரு" என்றாள் அத்தை. ஆரத்தி நீரில் தோய்த்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் சிவப்பு இல்லை. மாடி ஜன்னலிலிருந்து அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் தாலிகட்டு ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அப்பா அதன்பிறகு வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. காரணமும் சொல்லாமல், கொஞ்ச நாளில் விற்றுவிட்டார்.

போன மாதம் இங்கே ஒரு மைதானத்தில் பழைய கார்களைக் காட்சிக்கு வைத்தார்கள். முட்டுவலியோடு அத்தான் வீட்டில் இருந்துகொள்ள, நானும் அக்காவும் போனோம். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது குடைவண்டி. பெட்ரோல் வாடை இருந்தது, பிச்சிப்பூ வாசம் இல்லை. நாங்கள் நெருங்குவதற்குள் யாரோ ஒரு சின்னப் பெண், "அம்மே, ஃபோட்டோ எடுக்கு!" என்று ஓடிவந்து இடப்பக்கத்து மூலையிலேயே தொம்மென்று உட்கார்ந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே குதித்து ஆடியது, ஒன்றும் ஆகவில்லை.

அது இறங்கிப் போனதும் அக்கா குனிந்து அந்தச் சீட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"யாருமில்ல" என்றாள். "நம்ம வாசல்ல அவர எறங்கச் சொல்லவே இல்லியே. எங்க எறங்கினாரோ."

இத்தனை வருஷத்தில், அவருக்காக அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.