மஞ்சள் ஒயரும் நீலத் திரையும்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அவன் வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் டிவி கேம்தான்.

இளவயசு முழுக்க ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். இரும்புக் குழாயைத் தூக்கிப் பழகிய வலது கை இப்போது மடியில் சும்மா கிடந்தது. பிசியோதெரபிக்கு வந்த பெண் ரப்பர் பந்தைக் கொடுத்தால் வாங்க மாட்டான். துணி கிளிப்பை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "வெரல அசைக்காம உட்டா அப்படியே நின்னு போயிருமுங்க" என்று எங்களிடம் சொன்ன அந்தப் பெண், அவனிடம் திரும்பி, "உங்களுக்கு என்னங்ண்ணா புடிக்கும்? அதையே பண்ணலாம்" என்றார். அவன் வெகுநேரம் யோசித்தான். பிறகு குழறிக்குழறி, "டிவி கேம்" என்றான்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோழித் தீவனக் கம்பெனியில் நாளெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, அவனைத் தூக்கி உட்காரவைத்து, குளிக்கவைத்து, என் இடுப்பு கழன்றுபோயிருந்தது. ஆனாலும் கேட்டது அவன். கை திரும்புவதற்கு வேறு வழி எதுவும் கண்ணில் படவில்லை.

அண்ணன் முதல் முறை ரிக்குக்குப் போய்த் திரும்பியபோது வாங்கிவந்தது, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி. அண்ணி அலமாரியிலிருந்து துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். பெட்டி இருந்தது, பழைய டிவி இல்லை. அது எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. என்னிடம் இருந்தது கம்ப்யூட்டர் மானிட்டர். பெட்டியின் பின்னால் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள். மானிட்டரிலோ படத்துக்கென்று தட்டையாக ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. துளை. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில், நடுவில் மாட்டும் கன்வெர்ட்டர் இருக்கிறது என்றார்கள். அவசரத்தில் வாங்கிவந்து மாட்டினால், "சிக்னல் இல்லை" என்ற எழுத்து திரையில் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. பிடுங்கி மாட்டினேன். திரும்பவும் பிடுங்கி மாட்டினேன். கடைசியில்தான் அதன் மேலிருந்த அம்புக்குறியைப் பார்த்தேன். புது மாதிரிப் பெட்டியிலிருந்து பழைய டிவிக்குப் படம் கொண்டுபோகிற சாமான் அது. எனக்கு வேண்டியது நேர் எதிர். என்னைத் திட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. அடுத்த நாள் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

இந்த முறை திரை முழுக்க நீலம் வந்தது. அந்த நீலம், பெட்டியிலிருந்து படம் வராதபோது கன்வெர்ட்டரே போடுகிற நீலம். அப்படியென்றால் கன்வெர்ட்டரிலிருந்து மானிட்டர் வரை பழுதில்லை, கோளாறு அதற்கு முன்னால்தான். வேறு ஒயர் போட்டேன். கன்வெர்ட்டருக்குக் கரண்ட் போதவில்லையோ என்று போன் சார்ஜரை மாற்றினேன். நீலம் நீலமாகவே இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணன், நான் ஒயரை மாட்டும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பான். பிறகு தலை தானாகத் தொங்கிவிடும்.

"உடுறா" என்றான்.

அந்த ஒரு சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது. பந்தை விட்டான், கிளிப்பை விட்டான். இதையும் விட்டால் பிறகு எதைக் கேட்பான்?

மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. அதன் பின்னாலிருந்த சின்ன இயர்போன் துளையில் போனின் இயர்போனைச் செருகிக் காதில் வைத்தேன். டிங் டிங் என்று அதே பழைய பாட்டு! ஒரு பக்கத்தை அண்ணன் காதில் வைத்தேன். இடது உதடு மட்டும் சிரித்தது. ஆக, பெட்டிக்கு உயிர் இருக்கிறது. வெள்ளை ஒயரில் சத்தம் வருகிறது, மஞ்சள் ஒயரில்தான் படம் வரவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். வெள்ளை முனை துளையில் நன்றாக இறங்கியிருந்தது. மஞ்சள் முனை கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. அழுத்தினாலும் இறங்கவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தபோது, மஞ்சள் துளைக்குள் மஞ்சளாகவே ஏதோ அடைத்திருந்தது. நிறத்தோடு நிறம் கலந்திருந்ததால் இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை. ஊக்கால் சுரண்டினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது, நடுவில் சிவப்பு வேறு.

காபி கொண்டுவந்த அண்ணி எட்டிப் பார்த்தார். "அது சந்தனமும் குங்குமமுமுங்க, தம்பி."

"இதுக்குள்ள எப்படிங்க அண்ணி?"

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க. எல்லாரூட்டுலயும் அவங்கவங்க சாமான வெச்சுக் கும்புடுவாங்க. உங்கண்ணன் சாமானெல்லாம் வண்டியோட வடக்க கெடந்துச்சு. ஊட்டுல அவரு கைபட்டதுன்னு வேற என்னங்க இருந்துச்சு? இதத்தான் வெச்சேன். மஞ்சளா, வட்டமா, பொட்டு வெக்கறதுக்குன்னே இருந்துச்சுங்க."

வருஷா வருஷம் பழைய பொட்டு காய்ந்து உள்ளே இறங்க, அதன் மேல் புதுப் பொட்டு. நான் பட்ட பாட்டுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒவ்வொரு பூஜைக்கும் இந்தப் பெட்டியின் முன்னால் அண்ணி தனியாகத்தான் நின்றிருக்கிறார்.

அண்ணனுக்கு ஊசி போட வாங்கிய ஸ்பிரிட் இருந்தது. அவன் மடியில் ஒரு பேப்பரை விரித்து, அதன் மேல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துளையைத் துடைத்தேன். ஈரச் சந்தனம் பேப்பரில் விழுந்தது. மஞ்சள் ஒயர் 'டக்'கென்று உள்ளே இறங்கியது. நீலம் போய்ப் படம் வந்தது. கொஞ்சம் நெளிந்தாலும் முழுக் கலரில், கோட்டின் மேல் கார் புறப்படத் தயாராக நின்றது.

"அண்ணா, இந்தா" என்று விளையாடும் கைப்பிடியை நீட்டினேன்.

அவன் திரையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கிடந்த வலது கை மெல்ல அசைந்தது. நடுவிரல் நீண்டு ஈரச் சந்தனத்தைத் தொட்டு எடுத்தது. கையை நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்த்தான். எட்டவில்லை. நெஞ்சு உயரத்தோடு நின்றுவிட்டது.

அண்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தார். குனிந்து, தன் நெற்றியை அந்த விரலுக்குக் கொடுத்தார்.

நான் கைப்பிடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.